போக ஏலாது, கிடைக்காது: ஆங்கிலக் கடிதத்தில் வரும் பிழைகளை அறிகுறி பார்த்துத் திருத்துவது

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஆங்கிலத்தில் எழுதி வெளியே அனுப்பும் கடிதங்களில் பெரும்பாலும் ஒரே விஷயம்தான் இருக்கும்: ஒன்று எங்களுக்கு எட்டுகிறது, அல்லது எட்டவில்லை. றோட்டு, தண்ணீர், காணி, ஆஸ்பத்திரி, வங்கிக் கடன், ஃபோன் சிக்னல், இணையத்தில் நிரப்ப வேண்டிய விண்ணப்பம். அதைச் சொல்ல எடுக்கிற ஆங்கிலச் சொற்களும் ஒரு கைப்பிடிதான். அக்செசிபிள், அவெய்லபிள், கொன்வீனியன்ட், பொசிபிள், ஃப்ரீ, ஓப்பன், லிமிட்டட். எல்லாம் பெயரடைகள், எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தவை. ஆனால் கொழும்பிலோ ஜெனீவாவிலோ இருந்து கடிதத்தை வாசிக்கிறவர் எங்கள் ஊரைக் கண்டதில்லை. எங்கள் நிலைமை அவருக்கு அந்தப் பெயரடை வழியாகத்தான் போய்ச் சேர்கிறது. அது பிசகினால் கேட்டது ஒன்று, விளங்கிக்கொள்ளப்படுவது இன்னொன்று.

கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் கடிதத்தில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேரே போகலாம். அடுத்த பகுதியை மட்டும் எல்லாரும் வாசித்துவிடுங்கள்.

எதிலும் கை வைக்க முன்

பேச்சில் 'ஏலாது' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவோம். மழைக்கு றோட்டு அள்ளுப்பட்டாலும் போக ஏலாது. வழியில் மறித்தாலும் போக ஏலாது. பஸ்ஸுக்குக் காசில்லாவிட்டாலும், காலில் காயம் என்றாலும் அதே சொல்தான். கேட்கிறவருக்கு ஊர் தெரியும், ஆளையும் தெரியும், அதனால் ஒரு குறையும் இல்லை. ஆங்கிலப் பெயரடையோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு தடையைச் சொல்கிறது. ஆகவே எழுத முன் தமிழிலேயே கேட்டுப் பாருங்கள்: தடை எது? பாதையா, ஒருவரின் அனுமதியா, பொருள் இருப்பில் இல்லையா, விலையா, நேரமா, உடம்பா?

பாதை என்றால் அக்செசிபிள், பாசபிள் போன்ற சொற்கள். அனுமதி என்றால் ரிஸ்ட்ரிக்ட்டட், ஓப்பன், க்ளோஸ்ட். இருப்பும் ஆளின் நேரமும் அவெய்லபிள். விலை என்றால் அஃபோர்டபிள். உடம்பு என்றால் மறுபடி அக்செசிபிள், ஆனால் வேறு பொருளில். அதற்குக் கீழே தனியாக இடம் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது கேள்வி: அந்தத் தன்மை யாருடையது? ஆளுடையதா, பொருளுடையதா? இந்தச் சொற்களில் பலவற்றை ஆங்கிலக்காரர் பொருளின்மேல்தான் ஏற்றுவார்கள். நாங்கள் ஆளின்மேல் ஏற்றிவிடுகிறோம். கீழே வருகிற பிழைகளில் பாதி இதில்தான் தொடங்குகிறது.

அறிகுறி: "ஐ ஆம் கொன்வீனியன்ட் ஒன் மண்டே" என்று எழுதியிருக்கிறது

'எனக்குத் திங்கட்கிழமை வசதி' என்பதில் 'எனக்கு' முன்னால் நிற்கிறது. அதை அப்படியே 'ஐ' ஆக்கிவிட்டோம். ஆங்கிலத்தில் வசதியாக இருப்பது நாளும் இடமும் நேரமும்தான். 'மண்டே இஸ் கொன்வீனியன்ட் ஃபோர் மீ' என்று திருப்புங்கள். ஆளைத்தான் முன்னால் வைக்க வேண்டும் என்றால் சொல்லை மாற்ற வேண்டும்: 'ஐ ஆம் அவெய்லபிள் ஒன் மண்டே'. தெரிந்தவருக்கு எழுதினால் 'ஐ ஆம் ஃப்ரீ ஒன் மண்டே' போதும்.

டிஃபிகல்ட், ஈசி, பொசிபிள், இம்பொசிபிள் நான்கிலும் இதே கோளாறு உண்டு. 'ஐ ஆம் டிஃபிகல்ட் டு கம் டு வவுனியா' என்று எழுதியவர் சொல்ல வந்தது, வவுனியாவுக்கு வருவது கஷ்டம் என்று. வாசிக்கிறவருக்கு முதலில் படுவது, இவர் கஷ்டமான ஆள் என்று. 'ஐ ஆம் இம்பொசிபிள்' அதைவிடக் கெடுதல். என்னோடு ஒருவரும் காலம் தள்ள முடியாது என்று தானே எழுதிக் கையெழுத்து வைத்த மாதிரி. 'இட் இஸ் டிஃபிகல்ட் ஃபோர் மீ டு கம்' என்று தொடங்குங்கள். அந்த 'இட்'டுக்கு ஈடாகத் தமிழில் ஒன்றும் இல்லாததால்தான் அது விடுபடுகிறது. வேண்டுமென்றே போட்டுப் பழக வேண்டும்.

இதில் ஒரு சிக்கலான இடம் இருக்கிறது. 'ஷி இஸ் டிஃபிகல்ட் டு ரீச்' பிழையில்லாத ஆங்கிலம்தான், ஆனால் அவரைப் பிடிப்பது கஷ்டம், ஃபோன் எடுத்தாலும் கிடைக்கமாட்டார் என்று பொருள். இந்த அமைப்பில் முன்னால் நிற்பவர் செய்கிறவர் இல்லை, செய்யப்படுகிறவர். அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகக் கஷ்டம் என்பதை இப்படி எழுதினால் ஆஸ்பத்திரி அம்மாவைத் தேடி அலைகிற கதையாகிவிடும். 'தி ஹொஸ்பிட்டல் இஸ் டிஃபிகல்ட் ஃபோர் ஹெர் டு ரீச்' என்று ஆஸ்பத்திரியை முன்னால் கொண்டுவாருங்கள். கடைசியில் 'ரீச் இட்' என்று ஓர் 'இட்' ஒட்டிக்கொள்ளும். அதை வெட்டுங்கள், ஆஸ்பத்திரியை முன்னாலேயே சொல்லியாயிற்று. 'ரீச் டு முல்லைத்தீவு' என்பதில் வரும் 'டு'வும் வேண்டாம்.

அறிகுறி: 'கேன்' போட்ட வசனத்துக்குள்ளேயே 'அக்செசிபிள்' நிற்கிறது

'ஐ கேனொட் அக்செசிபிள் தி ஃபோம்.' 'ஐ ஆம் நொட் அக்செசிபிள் டு தி வெப்சைட்.' கிளிநொச்சி அறிவியல்நகர்ப் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிற பிள்ளைகள் புலமைப்பரிசிலுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கிற காலங்களில் இந்த இரண்டையும் அடிக்கடி காணலாம்.

'ஏபிள்', 'இபிள்' என்று முடிகிற சொல்லுக்குள் 'முடியும்' ஏற்கெனவே இருக்கிறது. கூடவே செயப்பாட்டுவினையும் இருக்கிறது. அக்செசிபிள் என்றால் அணுகப்படக்கூடியது. ஆகவே இணையப் பக்கம் அக்செசிபிள் ஆகலாம். நீங்கள் அக்செசிபிள் என்றால் மற்றவர்கள் உங்களிடம் சுலபமாக வந்து பேசலாம் என்று பொருள். ஓர் அதிகாரியைப் பற்றி 'வெரி அக்செசிபிள்' என்று எழுதுவது நல்ல பாராட்டு.

திருத்த மூன்று வழி இருக்கிறது. வினையாக: 'ஐ கேன்ட் அக்செஸ் தி ஃபோம்', இதில் 'டு' இல்லை. பெயராக: 'ஐ ஹாவ் நோ அக்செஸ் டு தி ஃபோம்', இதில் 'டு' கட்டாயம். பெயரடையாக: 'தி ஃபோம் இஸ் நொட் அக்செசிபிள்'. பெயருக்குப் பின்னால் 'டு' வரும் என்பதை நினைவில் வைக்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஆங்கில வாசகத்தைப் பிடித்துக்கொள்ளலாம். அது தருகிற உரிமை 'ரைட் ஒஃப் அக்செஸ் டு இன்ஃபோமேஷன்'. அந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதுகிறவர்களுக்கு இது இரட்டை லாபம்.

இந்த மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதையும் கவனியுங்கள். 'தி ஃபோம் இஸ் நொட் அக்செசிபிள்' என்று முறையிட்டால், ஒருவருக்குமே திறக்கவில்லை போலிருக்கிறது என்று தங்கள் கணினியைத்தான் பார்ப்பார்கள். 'ஐ கேன்ட் அக்செஸ் தி ஃபோம்' என்றால் உங்கள் கணக்கையும் கடவுச்சொல்லையும் பார்ப்பார்கள். 'தி ஃபோம் இஸ் நொட் அவெய்லபிள்' என்றால் விண்ணப்பத்தை இன்னும் வெளியிடவில்லை, அல்லது எடுத்துவிட்டார்கள் என்று ஆகும். முடிவுத் திகதி நெருங்கும்போது இந்த வேறுபாட்டில் ஒரு நாள் போய்விடும்.

அறிகுறி: "றோட்டைச் சொல்கிறீர்களா, கிராமத்தைச் சொல்கிறீர்களா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள்

எங்கள் பக்கத்தில் அதிகம் தேவைப்படுவது இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். றோட்டுத் திருத்தம் கேட்டு எழுதுகிற கடிதத்தில் வழமையாக இருக்கிற மூன்று வசனங்களை எடுப்போம்:

'அவர் ரோட் இஸ் நொட் பொசிபிள் இன் ரெய்னி சீசன். வில்லேஜ் இஸ் நொட் மோட்டரபிள். பீப்பிள் ஆர் இன்அக்செசிபிள் டு ஹொஸ்பிட்டல்.'

துணுக்காய், பாண்டியன்குளம் பக்கத்துக் கிரவல் றோட்டைக் கார்த்திகை மாதத்தில் கண்டவருக்கு இது அச்சொட்டாக விளங்கும். காணாதவருக்கு மூன்று வசனமும் மூன்று விதமாகக் குழப்பும்.

முதலாவது. றோட்டு 'பொசிபிள்' ஆக முடியாது. நடக்கக்கூடிய விஷயம்தான் பொசிபிள். சொல்ல வந்தது 'பாசபிள்', அதாவது கடந்து போகக்கூடியது. இரண்டுக்கும் ஓசை கிட்டக்கிட்ட இருப்பதால் பிழை கண்ணில் படுவதில்லை. 'தி ரோட் இஸ் இம்பாசபிள்' என்று திருத்துங்கள்.

இரண்டாவது. 'மோட்டரபிள்' ஆங்கிலச் சொல்தான், அகராதியில் இருக்கிறது. ஆனால் அதை அன்றாடம் புழங்குவது தெற்காசியா போன்ற சில இடங்களில்தான். வெளிநாட்டவர் ஒரு கணம் நின்றுதான் வாசிப்பார். தவிர அது றோட்டுக்கு உரிய சொல், கிராமத்தின்மேல் வண்டி ஓடாது. கிராமத்துக்கு 'அக்செசிபிள்', றோட்டுக்கு 'பாசபிள்'. இந்த ஒரு பிரிவினையைப் பிடித்துக்கொண்டால் கடிதத்தில் பாதி சரியாகிவிடும்.

மூன்றாவது. 'பீப்பிள் ஆர் இன்அக்செசிபிள்' என்றால் அந்த மக்களை ஒருவராலும் சென்று காண முடியாது என்று பொருள். நிவாரணம் கொண்டுவருகிறவர் அதை வாசித்தால் வராமலே விடக்கூடும். மக்களுக்குப் பெயர்ச்சொல்லைக் கொடுங்கள்: 'பீப்பிள் ஹாவ் நோ அக்செஸ் டு தி ஹொஸ்பிட்டல்'.

சேர்த்து எழுதினால் இப்படி வரும்: 'பிட்வீன் நவெம்பர் அண்ட் ஜனுவரி தி கிரவல் ரோட் இஸ் ஒஃப்டன் இம்பாசபிள். தி வில்லேஜ் இஸ் தென் அக்செசிபிள் ஒன்லி பை டிராக்டர், அண்ட் ஃபமிலீஸ் ஹாவ் நோ அக்செஸ் டு தி ஹொஸ்பிட்டல் இன் மாங்குளம்.' 'ரெய்னி சீசன்' என்பதற்கு மாதப் பெயர் போட்டதைக் கவனியுங்கள். கொழும்பிலிருந்து வாசிப்பவருக்கு மழைக்காலம் என்றால் மே மாதத் தென்மேற்குப் பருவம் நினைவுக்கு வரலாம். எங்களுடையது வடகீழ்ப் பருவம், ஐப்பசியில் தொடங்குகிறது.

அக்செசிபிளோடு வரும் முன்னிடைச் சொற்களையும் இங்கேயே முடித்துவிடுவோம். எதில் ஏறி வரலாம் என்பதற்கு 'பை': 'கிளிநொச்சி பிகேம் அக்செசிபிள் பை ரெயில் அகெய்ன் இன் 2013', யாழ்தேவி ரயில் திரும்பி வந்த வருடம். எங்கிருந்து வரலாம் என்பதற்கு 'ஃப்ரொம்': 'அக்செசிபிள் ஃப்ரொம் தி ஏ நைன்', அதாவது கண்டி - யாழ்ப்பாணம் ஏ9 வீதியிலிருந்து. யாருக்கு என்பதற்கு 'டு': 'அக்செசிபிள் டு ஓல் ஃபாமர்ஸ்'.

வெள்ளம் வந்து சில நாட்கள் மட்டும் தொடர்பு அறுந்தது என்றால் 'இன்அக்செசிபிள்' போடாதீர்கள். அது எப்போதுமே எட்டாத இடம் என்ற எண்ணத்தைக் கொடுக்கும். 'கட் ஒஃப்' என்பதுதான் ஆங்கிலக்காரர் சொல்வது. 2018 டிசெம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்த வெள்ளத்தை எழுதுவதென்றால் 'செவரல் வில்லேஜஸ் வேர் கட் ஒஃப் பை ஃப்ளட்ஸ்'. எழுதும்போது அதில் எஃப் எழுத்து இரண்டு வர வேண்டும்.

அறிகுறி: 'கட்டிடம் அக்செசிபிளா?' என்ற கேள்விக்கு 'யெஸ்' போட்டீர்கள், வந்தவரால் உள்ளே வர முடியவில்லை

இந்தப் பிழைக்கு விலை கொடுப்பவர் எழுதியவர் அல்ல, வருகிறவர். அதனால் தயவுசெய்து இதை இரண்டு தரம் வாசியுங்கள்.

பயிற்சிப் பட்டறை நடத்த மண்டபம் தேடும்போது அனுப்புகிற படிவத்தில் 'இஸ் தி பில்டிங் அக்செசிபிள்?' என்று ஒரு கட்டம் இருக்கும். ஏ9 வீதியில், பஸ் நிற்கிற இடத்துக்கு முன்னால் இருக்கிற மண்டபம் என்றால் உடனே 'யெஸ், நியர் டு மெயின் ரோட்' என்று எழுதிவிடுவோம். கேட்டவர் தூரத்தைக் கேட்கவில்லை. கட்டிடம், மலசலகூடம், பஸ், இணையப் பக்கம் ஆகியவற்றுக்கு முன்னால் அக்செசிபிள் தனியாக நின்றால், மாற்றுத்திறனாளி ஒருவர் மற்றவர் உதவியில்லாமல் அதைப் பயன்படுத்த முடியுமா என்பதுதான் இன்றைய ஆங்கிலத்தில் அதன் முதல் பொருள். வாசலில் மூன்று படி இருந்தால், ரோட்டுக்கரையில் இருந்தாலும் பதில் 'நோ'.

போரில் காலை இழந்தவர்களும் முதுகுத்தண்டில் காயப்பட்டவர்களும் எங்கள் ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் இருக்கிறார்கள். இலங்கையில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 1996இல் வந்தது, 28ஆம் இலக்கம். பொதுக் கட்டிடங்களுக்கான அணுகல் ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை நாடு 2016இல் ஏற்புறுதி செய்தது. அந்தப் படிவத்தில் உள்ள கட்டம் இந்த வழியில் வந்தது. ஆகவே அதை நிரப்ப முன் எழுந்து போய் வாசலைப் பாருங்கள். சாய்தளம் இருக்கிறதா? இருந்தால் ஏறக்கூடிய சரிவா? பரவலாகப் பின்பற்றுகிற அளவு 1:12, அதாவது ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். படிக்கு மேல் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு சாய்தளம் என்று எழுதக் கூடாது. மலசலகூடக் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழையுமா, உள்ளே திரும்புமா?

பிறகு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். படியே இல்லை என்றால் 'ஸ்டெப்-ஃப்ரீ'. சக்கர நாற்காலி போகும் என்றால் 'வீல்செயர்-அக்செசிபிள்', நடுவில் சிறு கோடு போட்டு. மண்டபத்துக்குள் போகலாம், மலசலகூடத்துக்கு முடியாது என்றால் 'தி ஹோல் இஸ் வீல்செயர்-அக்செசிபிள். தி டொய்லெட் இஸ் நொட்'. முழு 'யெஸ்'ஸைவிட இந்தப் பாதி 'யெஸ்' வருகிறவருக்கு எவ்வளவோ மேல். அவர் தன் ஏற்பாட்டைத் தானே செய்துகொள்வார். 'ஹாண்டிகப்ட் டொய்லெட்' என்று பழைய பலகைகளில் இருக்கும், இப்போது 'அக்செசிபிள் டொய்லெட்' என்றுதான் எழுதுகிறார்கள்.

மெயின் றோட்டுக்குக் கிட்ட இருப்பதைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு வேறு சொற்றொடர் உண்டு: 'ஈசி டு ரீச் பை பஸ்', அல்லது 'விதின் வோக்கிங் டிஸ்டன்ஸ் ஒஃப் தி பஸ் ஸ்டாண்ட்'.

அறிகுறி: மருந்து இலவசம் என்று எழுதியது வேறு விதமாக வாசிக்கப்படுகிறது

'டிரக்ஸ் ஆர் ஃப்ரீலி அவெய்லபிள் இன் அவர் ஏரியா.' ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசு வாங்குவதில்லை என்பதுதான் சொல்ல வந்தது. ஆங்கிலக்காரர் இதை வாசித்தால், இந்தப் பக்கத்தில் போதைப்பொருள் தாராளமாகப் புழங்குகிறது என்றே எடுத்துக்கொள்வார். ஒரு வசனத்தில் இரண்டு பொறி. 'டிரக்ஸ்' என்பதை 'மெடிசின்' ஆக்குங்கள். 'ஃப்ரீலி' என்பது தடையில்லாமல், தாராளமாக என்று பொருள்படும், காசில்லாமல் என்று அல்ல. 'மெடிசின் இஸ் அவெய்லபிள் ஃப்ரீ ஒஃப் சார்ஜ் அட் தி ஹொஸ்பிட்டல்' என்று எழுதினால் ஐயமே இல்லை.

அவெய்லபிளுக்கு முன்னால் வரும் சொல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தகவல். 'ரெடிலி' என்றால் கேட்ட உடனே, அலைச்சல் இல்லாமல். 'வைட்லி' என்றால் பல இடங்களில். 'லோக்கலி' என்றால் உள்ளூரிலேயே. 'பப்ளிக்லி' என்றால் யாரும் பார்க்கலாம், அறிக்கைகளுக்கும் தரவுகளுக்கும் இதைப் போடுவார்கள். 'ஈசிலி' பெரும்பாலும் அக்செசிபிளோடு சேரும், அவெய்லபிளோடு 'ரெடிலி'தான் காதுக்கு நன்றாக இருக்கும்.

அவெய்லபிள் என்ற சொல் விலையைப் பற்றி ஒன்றும் பேசாது என்பதை மறக்காதீர்கள். புதுக்குடியிருப்புச் சந்தையில் விதைநெல் இருக்கிறது, ஆனால் வாங்கக் கட்டாது என்ற நிலைமையை 'நொட் அவெய்லபிள்' என்று எழுதினால், அவர்கள் விதைநெல்லை லொறியில் ஏற்றி அனுப்பப் பார்ப்பார்கள். தேவை காசு. 'சீட் பாடி இஸ் அவெய்லபிள் பட் நொட் அஃபோர்டபிள்' என்று எழுதுங்கள். ஒரு சொல்லில் உதவியின் வகையே மாறுகிறது.

அறிகுறி: காணிக் கடிதத்தில் யார் தடுத்தார் என்பது காணாமல் போய்விட்டது

'அவர் லாண்ட் இஸ் நொட் அக்செசிபிள்' என்று எழுதினால், வாசிக்கிறவர் மனதில் காடு அல்லது வெள்ளம் வரும். 'நொட் அவெய்லபிள்' என்றால் காணியே மிச்சமில்லை என்று வரும். 'லிமிட்டட் அக்செஸ்' என்றால் ஓரளவுக்கு இருக்கிறது, போதவில்லை என்று வரும். முல்லைத்தீவில் கேப்பாப்பிலவு மக்கள் 2017இல் படையினர் வைத்திருந்த தங்கள் சொந்தக் காணியைக் கேட்டு வீதியோரத்தில் இருந்தார்களே, அந்த நிலைமையை இந்த மூன்றில் எதுவும் சொல்லாது. காணி அங்கேதான் இருந்தது, றோட்டும் இருந்தது. தடை ஆட்கள் போட்டது.

ஆள் போட்ட தடைக்கு ஆங்கிலத்தில் தனிச் சொற்கள் உண்டு. 'ரிஸ்ட்ரிக்ட்டட்' என்றால் ஒருவர் விதி போட்டுக் கட்டுப்படுத்தியிருக்கிறார், சிலருக்குச் சில நேரம் அனுமதி உண்டு. ஒருவருக்குமே அனுமதி இல்லை என்றால் 'டினைட்': 'வீ ஹாவ் பீன் டினைட் அக்செஸ் டு அவர் லாண்ட் சின்ஸ் 2009'. இரண்டோடும் 'பை' போட்டு யார் என்பதையும் எழுதலாம், எழுதவும் வேண்டும். எழுதப் பயமாக இருக்கிறது என்றால் அதை நீங்கள் யோசித்து முடிவு செய்து விடுங்கள். பெயரடை சரியாக வராததால் விடுபட்டுப் போகக் கூடாது.

'லிமிட்டட்', 'ரிஸ்ட்ரிக்ட்டட்' இரண்டையும் அறிக்கைகளில் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். லிமிட்டட் என்பதில் ஆள் இல்லை, குறைவு மட்டும்தான்: 'லிமிட்டட் அக்செஸ் டு கிளீன் வோட்டர்'. ரிஸ்ட்ரிக்ட்டட் என்பதில் ஓர் ஆள் நிற்கிறார். கடலுக்குப் போகப் பாஸ் வேண்டும் என்றிருந்தால் அது ரிஸ்ட்ரிக்ட்டட். வலை இல்லாததால் தொழிலுக்குப் போக முடியவில்லை என்றால் இந்த இரண்டும் இல்லை, நேரே 'வீ ஹாவ் நோ நெட்ஸ்' என்று எழுதிவிடலாம்.

மிதிவெடி அகற்றிய காணிக்கு 'க்ளியர்ட்' என்று எழுதும்போதும் கவனம். வன்னியில் காணி துப்புரவாக்குவது என்றால் காடு வெட்டுவதும்தான், ஆங்கிலத்திலும் அதே சொல் இரண்டுக்கும் வரும். 'தி லாண்ட் ஹாஸ் பீன் க்ளியர்ட்' என்று மட்டும் எழுதினால் பற்றை வெட்டியதா, வெடி எடுத்ததா என்று தெரியாது. உயிர் சம்பந்தப்பட்ட இடம் இது. 'க்ளியர்ட் ஒஃப் மைன்ஸ்' அல்லது 'க்ளியர்ட் ஒஃப் ஜங்கிள்' என்று முழுதாக எழுதுங்கள்.

அறிகுறி: பூட்டின றோட்டு கிட்ட வந்துவிட்டது

'தி ரோட் இஸ் க்ளோஸ்.' கடைசி 'டி' விழுந்ததால், றோட்டு அடைபட்டிருக்கிறது என்பது றோட்டு பக்கத்தில் இருக்கிறது என்று ஆகிவிட்டது. நேர் எதிர்ப்பொருள். 'க்ளோஸ்ட்' என்று டி-யோடு முடியுங்கள்.

திறப்பதில் இது மறுபக்கமாக வரும். 'ஓப்பன்' என்பது திறந்திருக்கும் நிலை, அதற்குப் பின்னால் ஒன்றும் ஒட்டாது. 'ஓப்பன்ட்' என்பது திறந்த சம்பவம். ஏ9 வீதியை வைத்தே சொல்லலாம்: 'தி ஏ நைன் வோஸ் ஓப்பன்ட் இன் 2002', போர்நிறுத்தத்தோடு திறந்தார்கள். 'இட் வோஸ் ஓப்பன் அன்டில் 2006', அந்த ஓகஸ்ட் வரை திறந்திருந்தது. 'இட் வோஸ் க்ளோஸ்ட் இன் 2006', பிறகு பூட்டினார்கள். கடை வாசலில் 'வீ ஆர் ஓப்பன்ட்' என்ற பலகை இருந்தால் கடைசி இரண்டு எழுத்தையும் அழித்துவிடுங்கள்.

அறிகுறி: தண்ணீர் எட்டவில்லை என்று எழுதியது, தண்ணீர் மிதமிஞ்சி இல்லை என்று ஆகிவிடுகிறது

'வீ ஹாவ் நோ எக்செஸ் டு வோட்டர்' என்று எழுத்து மாறியிருக்கிறது. ஏ-யில் தொடங்குவது அணுகல், ஈ-யில் தொடங்குவது மிகை. கணினியின் எழுத்துப்பிழை பார்க்கும் வசதி இதைப் பிடிக்காமல் விட்டுவிடலாம், இரண்டும் சரியான சொற்கள். அனுப்ப முன் கண்ணால் தேடுங்கள்.

கூடவே, 'அக்செஸ்' எண்ண முடியாத பெயர். 'ஆன் அக்செஸ்', 'அக்செசஸ்' என்று எழுதாதீர்கள். அதற்கு முன்னால் ஆங்கிலக்காரர் வைப்பது ஈசி, டைரக்ட், ஃபுல், ஈக்குவல், குட், பெட்டர், புவர். 'ஹை அக்செஸ்', 'பிக் அக்செஸ்' காதில் இடறும்.

அறிகுறி: 'நியர் ஹொஸ்பிட்டல்', 'ஃபார் வில்லேஜ்'

கிட்ட உள்ள ஆஸ்பத்திரி 'நியர்பை ஹொஸ்பிட்டல்'. மிகக் கிட்ட உள்ளது 'தி நியரெஸ்ட் ஹொஸ்பிட்டல்'. தூரத்துக் கிராமம் 'ரிமோட் வில்லேஜ்'. 'இன்டீரியர் வில்லேஜ்' என்பது எங்கள் பக்கத்து ஆங்கிலம், வெளியே அனுப்பும் கடிதத்தில் வேண்டாம். ரிமோட் என்று மட்டும் விட்டுவிடாமல் எத்தனை கிலோமீற்றர், அதில் எவ்வளவு தார் றோட்டு என்றும் எழுதுங்கள். இலக்கம் இருந்தால் பெயரடைக்குப் பாரம் குறையும்.

அறிகுறி: கடைசி வரியில் நம்பரைப் போட்டு 'ஐ ஆம் அக்செசிபிள்' என்று முடிகிறது

இங்கே 'ரீச்சபிள்' வேண்டும், அல்லது இன்னும் இயல்பாக 'யூ கேன் ரீச் மீ ஒன் திஸ் நம்பர்'. சிக்னல் ஒழுங்காக இல்லாத இடம் என்றால் 'கவரேஜ் இஸ் பட்சி ஹியர்' என்று ஒரு வசனம் சேருங்கள். அங்கங்கே விட்டுவிட்டு வரும் என்று அதற்குப் பொருள், ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் காட்டோரம் இருக்கிறவர்களுக்கு அச்சாவாகப் பொருந்தும். பிறகு எந்த நேரத்தில் எடுத்தால் கிடைப்பீர்கள் என்று எழுதுங்கள்: 'ஐ ஆம் ஈசியஸ்ட் டு ரீச் ஆஃப்டர் சிக்ஸ் இன் தி ஈவ்னிங்'. முன்னால் நிற்பவர் செய்யப்படுகிறவர் என்று மேலே சொன்ன அமைப்புத்தான் இது, இந்த இடத்தில் அது சரியாகப் பொருந்துகிறது.